கடனுக்கு வைத்த ஒரு வெள்ளி

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, இதை வைத்துத்தான் இத்தனை காலம் சோறு சாப்பிட்டேன். எங்கள் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை எண்ண நாலு பேர் உட்காருவார்கள். அந்த நாலு பேரையும் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எண்ணி முடிக்கிற வரைக்கும் எனக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் உட்கார வைத்திருப்பதிலிருந்தே புரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தேன். கவுண்ட்டரில் இல்லை. பின்பக்கம், ஜன்னல் ஓரமாக, திரும்பி வந்த பணத்தைப் பார்க்கிற மேசை என்னுடையது. சம்பளம் வங்கிக்கு வருகிறவர்கள், வீட்டு லோன், கார் லோன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மாதாமாதம் நீங்களே அனுப்பிவிடுங்கள் என்று ஒரு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர். அதன்பிறகு அவர்கள் மறந்துவிடலாம், வங்கி மறக்காது. பெரும்பாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும். சேராதது ஒரு காரணச் சீட்டோடு என் மேசைக்குத் திரும்பி வரும். கணக்கு மூடப்பட்டது, அப்படி ஒரு எண்ணே இல்லை, தொகை சரியில்லை. அப்படித் திரும்பிய பணத்தை உடனே யாருக்கும் கொடுத்துவிட முடியாது. யாருடையது, எங்கே போக வேண்டும் என்று தீர்மானமாகிற வரைக்கும் சஸ்பென்ஸ் கணக்கு என்ற ஒன்றில் அது கிடக்கும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒழுங்காகப் போன பணத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. திரும்பி வந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், திரும்பாததிலும் ஏதோ இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்துவிடும். எனக்கு அது முன்பே தோன்றிக்கொண்டிருந்ததால் புதிதாக ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு முன்னால் அந்த மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், டத்தோ கிராமாட்டில் வீடு. வெள்ளைக் கால்சட்டை, தேய்த்த சட்டை, பேனாவைப் பயன்படுத்திய பிறகு துடைத்து மூடுகிற ஆள். அவர் ஓய்வு பெற்றபின் இரண்டு மாதம் அந்த மேசைக்கு ஆள் போடவில்லை. யாருக்குக் கை ஒழிந்ததோ அவர்கள் வந்து, திரும்பிய பணத்தையெல்லாம் சஸ்பென்ஸில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குப்பையை அள்ளத்தான் என்னைப் போட்டார்கள்.

நான் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்த அம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. இரவு வேலை முடித்து யூனிஃபார்மோடு நேரே வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, கண்ணில் தூக்கம். கவுண்ட்டரில் இருந்த பெண் இவரைச் சமாளிக்க முடியாமல் என்னைக் கைகாட்டிவிட்டாள்.

"தங்கச்சி, என் ஒரு வெள்ளி ஏன் ரெண்டு மாசமா வரல?"

"எந்த ஒரு வெள்ளி, அக்கா?"

"பேங்க் மாசாமாசம் எனக்கு வைக்குமே, அந்த ஒரு வெள்ளி."

ரிங்கிட்டை எங்கள் ஊரில் வெள்ளி என்றுதான் சொல்வோம். வங்கி யாருக்கும் எதையும் வைப்பதில்லை என்று சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காட்டினார். வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. நான் அவர் கையைச் சுற்றி எட்டி எட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

உண்மைதான். ஒவ்வொரு மாதமும் லோனுக்குப் பணம் போயிருந்தது, இரண்டொரு நாள் கழித்து ஒரு வெள்ளி உள்ளே வந்திருந்தது. இரண்டு வருடமாக இப்படி. பெரியவர் ஓய்வு பெற்ற மாதத்திலிருந்து அது நின்றுபோயிருந்தது.

"பார்த்துச் சொல்றேன்க்கா. புக்கை வச்சிட்டுப் போங்க."

"அதெல்லாம் வைக்க மாட்டேன்லா. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, நான் வரேன்." புக்கை மூடி, பைக்குள் வைத்து, பையின் வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு போய்விட்டார். இவருக்கும் என் வியாதிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மாதம் ஒரு வெள்ளி வரவில்லை என்று இரவு வேலை முடித்துத் தூங்காமல் ஒருத்தர் வருவாரா?

அதைவிடப் பெரிய சந்தேகம் பெரியவர்மேல். ஒரு கிளார்க் மாதாமாதம் ஒரு பெண்ணின் கணக்கில் ஒரு வெள்ளி போடுகிறார் என்றால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காத இடத்தில்தான் திருட்டு ஆரம்பிக்கும் என்பது என் எண்ணம். வெளியே தெரிகிறது ஒரு வெள்ளி என்றால் தெரியாதது எவ்வளவு?

அன்று மத்தியானம் சாப்பிடாமல் தேடினேன். அவருடைய ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருநூற்று நாற்பத்தொரு வெள்ளிக்கு எழுதியிருந்தது. வீட்டு லோன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் தவணையோ இருநூற்று நாற்பதுதான். கடைசி இரண்டு மாதமும் நாங்கள் அனுப்பிய இருநூற்று நாற்பத்தொன்று, தொகை சரியில்லை என்ற சீட்டோடு திரும்பி வந்து சஸ்பென்ஸில் கிடந்தது. அதாவது அந்த அம்மாளின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, வீட்டுக் கடனுக்குப் போய்ச் சேரவில்லை. அது அவருக்குத் தெரியாது. அவர் வந்து கேட்டதோ ஒரு வெள்ளியை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கணக்கு அந்த அம்மாள் பெயரில் இருந்தது. லோன் ஒரு ஆண் பெயரில். புருஷனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த ஆணுக்கு எங்களிடம் கணக்கு இல்லை. ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் கட்டுகிறார் என்றால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும்.

இருநூற்று நாற்பதாகத் திருத்தி உடனே அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. ஒரு காசைக் கூட்டவோ குறைக்கவோ கணக்குக்காரர் கையெழுத்து வேண்டும். உடனே வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். அவர் வரவில்லை. அதற்குள் மூன்றாவது மாதப் பணமும் போய், திரும்பி வந்தது.

சரி என்று ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவர் ஒரு இளம் சீனர். வேலையில் சுறுசுறுப்பு, வாயும் கொஞ்சம் நீளம். அவர்களுடைய புது கம்ப்யூட்டர் தவணைத் தொகை சரியாக இருந்தால்தான் வாங்கிக்கொள்ளும், ஒரு வெள்ளி கூடினாலும் துப்பிவிடும் என்றார். அது வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். மூன்று மாதம் பாக்கி, அதனால் வீட்டை ஏலம் விடப்போவதாக நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வீட்டுக்காரருக்கே அந்த வீடு வேண்டாம்போல் இருக்கிறது" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். போன வாரம்தான் அந்த ஆள் நேரில் வந்து, மொத்தமாக அடைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் போனாராம். வாங்க ஆள் தயாராக இருக்கிறதாம், கடனை அடைத்துவிட்டு விற்றுவிடப் போகிறாராம்.

ஃபோனை வைத்த பிறகும் என் கை அதன்மேலேயே இருந்தது. அந்த அம்மாள் அந்த ஆளுக்குக் கூட்டா, அல்லது அந்த ஆள் இவரை ஏமாற்றுகிறானா? இரண்டில் ஒன்று நிச்சயம். எது என்று தெரியாமல் எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

பென்ஷன் வாங்க அந்தப் பெரியவர் வங்கிக்கு வந்த நாளில் விடவில்லை, மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இன்ஸ்ட்ரக்‌ஷனை முன்னால் போட்டு, இது என்ன என்றேன்.

"ஓ, அந்த மனிசியோ," என்றார். கொஞ்சம்கூடப் பதறவில்லை. "அது ஒரு வெள்ளி கூட்டி வைக்குது பிள்ளை. மொய் வைக்கிற மாதிரி. அவங்கட மெசின் எடுக்குதில்லை. நான் இருநூற்று நாற்பதைத் திருப்பி அனுப்பிப்போட்டு, ஒரு வெள்ளியை அவட கணக்கிலயே போட்டு விடுறனான்."

"கையெழுத்து வாங்காமலா?"

"ஒரு வெள்ளிக்கோ?"

"ஒரு வெள்ளின்னாலும் ரூல் ரூல்தானே. அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னால் அதை எடுக்கச் சொல்ல வேணும். நல்லதுக்கெண்டு வைக்கிற காசை எடு எண்டு எப்படிச் சொல்லுறது? இதில களவு ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் கூட்டிப் பாரும்."

கூட்டிப் பார்த்தேன். ஒரு காசு விடாமல் சரியாக இருந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. அவர் திருடவில்லை. ஆனால் அவர் ரகசியமாகச் செய்த அந்த நல்லதுதான் இன்றைக்கு அந்த அம்மாளின் வீட்டு வாசலில் ஏல நோட்டீஸாக வந்து நிற்கிறது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் முகம் வாடிப்போனது. பென்ஷனை எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மொய் என்று அவர் சொன்னதும்தான் எனக்கும் உறைத்தது. கல்யாண வீட்டுக்கு ஐம்பது கொடுக்க மாட்டோம், ஐம்பத்தொன்றுதான். நூறு இல்லை, நூற்றொன்று. நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பூஜ்யத்தில் முடிந்தால் உறவு முடிந்துவிடும், ஒன்று வைத்தால் மேலே மேலே தொடரும் என்று ஒரு நம்பிக்கை. உள்ளூர்த் தமிழருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் கடனுக்குப் போய் ஒன்று வைக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கடன் தொடர வேண்டும் என்று யார் வேண்டிக்கொள்வார்கள்? என் சந்தேகம் அங்கே போய் நின்றுகொண்டது.

மறுநாளே அந்த அம்மாள் வந்தார். இந்தத் தடவை கையில் நோட்டீஸ். கவுண்ட்டருக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"தங்கச்சி, என் புக்குல காசு போயிருக்கு. அங்க கேட்டா வரலங்கிறான். நடுவுல யாரு தின்னது?"

"யாரும் திங்கல. இங்கதான் இருக்கு. உங்களுக்குக் கடிதம் போட்டேனே?"

"பேங்க் கடிதம் நல்லதுக்கா வரும்? பிரிக்கவே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு வெள்ளி கூடினால் அவர்கள் மெஷின் வாங்காது. இதுவரை இங்கே இருந்த பெரியவர்தான் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். பாஸ்புக்கில் வந்துகொண்டிருந்தது அந்த அம்மாளே வைத்த அதே ஒரு வெள்ளிதான்.

அவர் நம்பவில்லை. "நான் வச்சேன், பதிலுக்கு பேங்க் வச்சதுன்னுல்ல நெனச்சேன். நல்ல எடம்னு நாலு பேருகிட்ட சொல்லிட்டேன்."

"கடனுக்கு யாராவது மொய் வைப்பாங்களாக்கா? கடன் முடியாம ஓடிக்கிட்டே இருக்கணுமா உங்களுக்கு?"

எரிச்சலில் கேட்டதுதான். அவர் என்னைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆமா," என்றார். "ஓடிக்கிட்டே இருக்கணும்."

வீடு புருஷன் பெயரில். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இப்போது கெப்பாலா பத்தாஸில் வேறொருத்தியோடு குடித்தனம். போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம், லோன் முடிகிற அன்றைக்குக் கிராண்டை வாங்கி வீட்டை விற்றுவிடுவேன், நீயும் உன் மகளும் எங்கேயாவது போய்க்கொள்ளுங்கள் என்று. கிராண்டு என்றால் வீட்டின் உரிமைப் பத்திரம். கடன் இருக்கிற வரைக்கும் அது ஃபைனான்ஸ் கம்பெனியின் பெட்டியில் இருக்கும்.

"கட்டலன்னா ஏலத்துல போயிடும். கட்டி முடிச்சா அவரு வித்துடுவாரு. நான் என்னதான் செய்ய? மக இன்னும் ஸ்கூலு. அதான் ஒரு வெள்ளி கூட வச்சேன். முடியாம இழுத்துக்கிட்டே இருக்கட்டும்னு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல். இந்த அம்மாள் அந்த ஆளுக்குக் கூட்டாக இருக்கலாம் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். இங்கே இவர் தன் சம்பளத்தில் பாதியை இன்னொருத்தர் பெயரில் இருக்கிற வீட்டுக்குக் கொட்டிக்கொண்டு, அது முடிந்துவிடக் கூடாதே என்று ஒரு வெள்ளியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே அந்த ஆள் லோன் முடியும்வரை காத்திருக்கப் போவதே இல்லை. வாங்குகிறவன் பணத்தை வைத்து இப்போதே அடைக்கப் போகிறான். ஒரு வெள்ளி அவனை என்ன செய்யும்?

அதை இவரிடம் சொல்லக் கூடாது. இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளர் விஷயம், அந்தச் சீனர் வாய்தவறிச் சொன்னது. நான் சொன்னேன் என்று வெளியே வந்தால் அவர் வேலையும் போகும், என் வேலையும் போகும். அதுவரை என் மேசையிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை. பேனாவை எடுத்தேன், வைத்தேன். இந்த அம்மாளை நம்பலாமா என்று மறுபடியும் ஒரு தடவை யோசித்தேன். பழக்கம் விடுமா?

"அக்கா, இன்னைக்கே ஒரு லாயரைப் பாருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

"ஏன்?"

"ஏன்னு கேக்காதீங்க. வீட்டுக் காசு முழுக்க உங்க கணக்குலருந்துதான் போயிருக்கு. அத லாயர்கிட்ட காட்டுங்க. பாஸ்புக்கு பழசு புதுசு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் கண்ணைச் சுருக்கினார். "எந்த லாயரு? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

"யாரா இருந்தாலும் சரி."

"அனுப்பி வச்சா உங்களுக்கு எதாச்சும் கெடைக்குமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ரூலை மீறி ஒருத்தருக்கு நல்லது செய்யப் போனால், கமிஷன் எவ்வளவு என்று கேட்கிறார். எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், அவ்வளவு மரியாதையாகக்கூட இல்லாமல்.

"ஒன்னும் கெடைக்காது. நான் ஆளே சொல்லல பாருங்க. ரோட்டுல போனா போர்டு தெரியும், உங்களுக்குப் புடிச்ச ஆள்கிட்ட ஏறுங்க."

அது அவருக்குக் கொஞ்சம் பிடித்த மாதிரி இருந்தது. கிடந்த பணத்தைத் தவணைக்கு மட்டும் பிரித்து அனுப்ப ஒரு கடிதமும், இனிமேல் மாதம் இருநூற்று நாற்பது என்று புது இன்ஸ்ட்ரக்‌ஷனும் எழுதி முன்னால் வைத்தேன். கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டார். இன்ஸ்ட்ரக்‌ஷனில் போடவில்லை. அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொட்டையா இருக்கே தங்கச்சி."

"மொட்டையா இருந்தாத்தான் போகும்க்கா."

போட்டார். எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. லாயரிடம் போவாரா மாட்டாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

அன்றே பணத்தை அனுப்பினேன். ஏலம் நின்றது. அடுத்த மாதம் எதுவும் திரும்பி வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. என் மேசையின் கஷ்டம் இதுதான். சரியாகப் போனால் சேதி வராது. அந்த அம்மாள் லாயரைப் பார்த்தாரா, வீடு இருக்கிறதா, விற்றாகிவிட்டதா, ஒன்றும் தெரியாது. சீனருக்கு ஃபோன் பண்ணலாம் என்று இரண்டு தடவை எண்களைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவர் சந்தேகப்பட்டால்?

சேதியைக் கொண்டுவந்தது புருஷன்தான். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, சந்தன வாசனை, பல் தெரியச் சிரிப்பு. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"தங்கச்சி, என் வீட்டு லோனுக்கு இங்கருந்து யாரோ கட்டிக்கிட்டு இருக்காங்க. அத நிப்பாட்டணும்."

"யார் கணக்கோ அவங்க வந்து சொன்னா நிப்பாட்டலாம்."

"நான் புருஷன்லா."

"கணக்கு உங்க பேர்ல இல்லையே."

சிரிப்பு குறைந்தது. குரலைத் தாழ்த்தினார். "அவளா லாயர்கிட்ட போற ஆளு இல்ல. நெல ஆபீஸ்ல தடை போட்டு வச்சிருக்கா, விக்க முடியல. பேங்க்ல ஒரு பொம்பள சொல்லிக் குடுத்தான்னு கேள்விப்பட்டேன். யாரு அது?"

அந்த அம்மாளே சொன்னாரா, இல்லை இவன் போட்டு வாங்குகிறானா? அவன் கண்ணைப் பார்த்தேன். போட்டுத்தான் வாங்குகிறான் என்று தெரிந்தது. இந்த விஷயத்தில் நான் அவனைவிடப் பழுத்தவள்.

"அப்படியெல்லாம் இங்க யாரும் சொல்ல மாட்டோம் சார். எங்களுக்கு அதுக்கு ஏது நேரம்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த சீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அவன் வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சீட்டைக் கீழே வைத்தேன். வீடு போகவில்லை. அவர் லாயரிடம் போயிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் காரணமே இல்லாமல் மேகி கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸ் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன், மிச்சக் காசைக்கூட எண்ணவில்லை.

அதன்பிறகு பல வருடம் ஓடியது. எங்கள் வங்கியிலும் புது கம்ப்யூட்டர் வந்தது, திரும்பி வருகிற பணத்தின் காரணம் எண்ணாக வர ஆரம்பித்தது. அந்த அம்மாள் எப்போதாவது பாஸ்புக்கில் பதிய வருவார். வந்தால் என் மேசைக்கும் வருவார். ஒரு தடவை, புருஷன் கடைசியில் இறங்கி வந்து வீட்டை இவர் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். விற்கவும் முடியாமல் வழக்குச் செலவும் தாங்காமல் போட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போதும் அந்த அம்மாள் சந்தோஷப்படவில்லை. "கிராண்டு கைக்கு வரட்டும், அப்புறம் பாப்போம்," என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் காலை, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். யூனிஃபார்ம் இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கையில் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதம். கடைசித் தவணை, கூட்டிக் கழித்து, இருநூற்று முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு. அதைக் கட்டினால் கிராண்டு அவர் கையில். தொகை வேறாக இருந்ததால் இன்ஸ்ட்ரக்‌ஷன் வழியாகப் போகாது, நேரில் கட்ட வேண்டும். எங்கள் கவுண்ட்டரிலேயே அவர்களுக்குக் கட்டலாம் என்றேன். அவர் அசையவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நோட்டையும் சில்லறையையும் என் மேசையில் வைத்தார்.

"நீங்களே வாங்குங்க. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். சரியாக இருந்தது.

"இன்னொரு தடவை எண்ணுங்க."

இன்னொரு தடவை எண்ணினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தால், மறுபடியும் எண்ணச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுவா?

"என்னை இன்னும் நம்பலையாக்கா?"

"உங்கள நம்பறேன்," என்றார். "என் கையத்தான் நம்பல. பழக்கதோஷத்துல எங்கயாச்சும் ஒரு வெள்ளி கூட வச்சிருக்கும்."

நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்து, சில்லறையைத் தனியாக அடுக்கி, அவருக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டு எண்ணினேன்.

"சரியா இருக்குக்கா. ஒரு காசுகூட மேல இல்ல."

அவர் கைக்குட்டையை மடித்தார். "அப்ப முடிஞ்சிடும்," என்றார். நான் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.